மலையக மரக்கறித் தோட்டத்தில் இரவுப் பன்றியை மறிப்பது எப்படி: கண்ணி வைக்காமல் காவல் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, வெலிமடை, அட்டன், மஸ்கெலியா, பதுளைப் பக்கங்களில் லயத்துக்குப் பின்னாலோ ஓடைக்கரையிலோ பத்து, இருபது பேர்ச்சில் மரக்கறி போடும் எவருக்கும் காட்டுப் பன்றி என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த உருளைக்கிழங்குப் பாத்தி காலையில் ஏர் ஓட்டியது போலக் கிடக்கும். மரவள்ளி, வற்றாளை, சேம்பு, சோளம், கரட் எல்லாமே அதற்குப் பிடித்தவை. லீக்ஸை அது பெரிதாகத் தின்பதில்லை. ஆனால் அந்தப் பாத்திக்கு அடியில் மண்புழுவும் வெள்ளைப் புழுவும் இருந்தால், அவற்றுக்காகவே பாத்தியைப் புரட்டிப் போடும்.

பன்றிக்குப் பார்வை மந்தம். மூக்கும் காதும் கூர்மை. இருட்டில் மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டுதான் வரும், மூக்கைக் கொடுத்துத்தான் வேலியைத் தூக்கும். ஆகவே மறிக்க வேண்டியது அந்த மூக்கைத்தான். கீழே சொல்லப்படும் வேலை எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே நிற்கிறது.

வந்தது பன்றிதானா?

வேலிக்குப் பணம் செலவழிக்கும் முன் இதை உறுதி செய்யுங்கள். முள்ளம்பன்றியும் கிழங்கைத் தோண்டும், மரையும் இரவில் வந்து மேயும். மூன்றுக்கும் வேலி வேறு.

பன்றி கிண்டிய இடத்தில் மண் அகலமாகப் புரண்டிருக்கும், கட்டிகள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கும். ஈர மண்ணில் இரண்டு குளம்புகளின் தடமும், அவற்றுக்குப் பின்னால் சற்று அகன்று இரண்டு சிறு புள்ளிகளும் தெரியும். அந்தப் புள்ளிகள், ஒவ்வொரு காலிலும் குளம்புக்குப் பின்னால் இருக்கும் சிறு பின்குளம்புகள். சம தரையில் நடந்த மரையின் தடத்தில் அவை பெரும்பாலும் பதியாது. மரை நுனித் தழையைத்தான் மேயும். முள்ளம்பன்றி ஒரு கிழங்கை மட்டும் குறிவைத்துச் சிறு குழி தோண்டி, தண்டின் அடியைக் கரண்டிவிட்டுப் போகும். சில நேரம் முள்ளும் கிடக்கும். வேலிக்கட்டையிலோ மரத்தடியிலோ இரண்டு அடி உயரம்வரை சேறு பூசியிருந்து, அதில் தடித்த மயிர் ஒட்டியிருந்தால் அது பன்றி உடம்பு உரசிய இடம்.

பிறகு தடத்தைப் பின்தொடர்ந்து அது உள்ளே வந்த வாயைக் கண்டுபிடியுங்கள். இதைப் பட்டப்பகலில் மட்டும் செய்யுங்கள். பன்றி கண்டபடி நுழைவதில்லை. தண்ணீர் வடியும் கான் வழியாக, பாலத்துக்கு அடியால், தேயிலை வரிசைக்கு இடையால் என்று பழகிய வழிகள் அதற்கு உண்டு. ஒவ்வொரு வாயிலும் மாலையில் மூன்று அடி அகலத்துக்கு மண்ணை நிரவி, மேலே அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். நான்கு இரவு தொடர்ந்து பார்த்தால் எத்தனை வருகின்றன, எந்தப் பக்கம் வெளியேறுகின்றன, குட்டி உண்டா என்பதெல்லாம் தெரியும். பெரிய தடமும் ஓர் அங்குலச் சிறு தடங்களும் கலந்திருந்தால் தாய்ப்பன்றிகளும் குட்டிகளும். பெரிய தடம் தனியாக இருந்தால் பெரும்பாலும் கிடா. குட்டி வரும் தோட்டத்தில் வேலியின் கீழ் இடைவெளிதான் முக்கியம். கிடா வரும் தோட்டத்தில் கட்டையின் பலம் முக்கியம். இந்த நான்கு நாட் பார்வையைத் தவிர்த்துவிட்டு வேலி போட்டவர்கள்தான் அடுத்த மாதம் அதைக் கழற்றிப் போடுகிறார்கள்.

அதை வரவழைப்பது எது?

மட்காத மாட்டெருவும் கோழி எருவும்தான் முதல் அழைப்பு. புதிய எருவில் புழு பெருகும், அந்த மணம் தூரத்திலிருந்தே பன்றியை இழுக்கும். எருவைக் குவித்து, மூடி, இரண்டு மூன்று மாதம் மட்கவைத்து, உள்ளே சூடு அடங்கிய பின்னரே பாத்திக்குப் போடுங்கள். குவியலை எல்லையில் வைக்க வேண்டாம், வீட்டுப் பக்கம் வையுங்கள். பொறுக்கிப் போட்ட அழுகல் கிழங்கு, கோவா இலை, சமையல் கழிவு எதுவும் வேலியோரம் கிடக்கக்கூடாது.

பயிர் வைக்கும் ஒழுங்கையும் மாற்றலாம். கிழங்கும் சோளமும் வீட்டுக்கு அருகில் வரட்டும், லீக்ஸும் மிளகாயும் காட்டோரம் போகட்டும். எல்லையை ஒட்டி பத்து அடி அகலத்துக்குப் புல்லையும் பற்றையையும் வெட்டி வெளியாக்குங்கள். மறைவில்லாத நிலத்தைக் கடக்கப் பன்றி தயங்கும். தடமும் அந்த வெளியில்தான் நன்றாகப் பதியும்.

வலை வேலியும் தகர வேலியும்

கோழி வலை வேண்டாம். ஒரே முட்டில் கிழியும். கல்வனைசு பூசிய தடித்த கம்பி வலை தேவை, அதன் கீழ்ப்பகுதிக் கண்கள் நான்கு அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நான்கு அடி அகல வலையை வாங்கி, கீழே ஓர் அடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு படியவிடுங்கள். மூன்று அடி மேலே நிற்கும். மடித்த பகுதியை இரண்டு அடிக்கு ஒன்றாக, வளைத்த இரும்புக் கம்பி முளையால் தரையில் அறைந்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். வேலியை முட்டித் தோண்ட வரும் பன்றி அந்த மடிப்பின் மேலேயே நிற்கும். தான் நிற்கும் வலையை அதனால் தூக்க முடியாது. உள்பக்கமாக மடித்தால் இந்தப் பயன் முழுவதும் போய்விடும். அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

கட்டைகள் எட்டு அடிக்கு ஒன்று, இரண்டு அடி ஆழம். யூகலிப்டஸ் கட்டை தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பச்சையாக நட்டால் மண்ணோடு சேரும் இடத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். பட்டையை உரித்து, காயவைத்து, மண்ணுக்குள் போகும் பகுதிக்குக் கழிவு எண்ணெய் பூசுங்கள். உயரம் குறைந்த பகுதிகளில் கிளிசிரிடியாக் கம்பை நட்டால் அது தளிர்த்து உயிர்வேலியாகவே நிற்கும். நுவரெலியாக் குளிரில் அது சரிவராது.

பழைய கூரைத் தகரம் கைவசம் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். ஓர் அடி மண்ணுக்குள்ளும் இரண்டரை அடி வெளியிலுமாக, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நட்டால் நல்ல மறிப்பு. அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் பன்றி முட்டவும் யோசிக்கும். காற்று அடிக்கும் மலைமுகட்டில் மட்டும் தகரம் நிற்காது.

கான் வேலியைக் கடக்கும் இடம்தான் எல்லா வேலிக்கும் பலவீனமான இடம். அதில் வலையைக் கட்டினால் முதல் மழையில் குப்பை அடைத்து வேலியே சாயும். மேலே ஒரு குறுக்குக் கம்பியைக் கட்டி, அதிலிருந்து நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக இரும்புக் கம்பிகளைத் தொங்கவிடுங்கள். வெள்ளம் வரும்போது அவை வெளிப்பக்கம் தூக்கிக்கொடுத்து, வடிந்ததும் திரும்பித் தொங்கும். உள்பக்கம் தள்ளப்படாமல் கானின் அடியில் ஒரு கல்வரிசையை அணையாக வையுங்கள்.

தோட்டக் காணி என்றால், ஒரு கட்டையை நடும் முன்னரே நிருவாகத்திடம் பேசி அனுமதி பெறுங்கள். நட்ட பிறகு பிடுங்கச் சொன்னால் பணமும் போகும், பயிரும் போகும்.

சூரிய மின்வேலி

இருபது பேர்ச் என்பது 5,445 சதுர அடி. சதுரமான நிலமென்றால் சுற்றளவு ஏறக்குறைய 295 அடி. மலைச்சரிவில் எந்தக் காணியும் சதுரமாக இல்லை என்பதால் 350 அடி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வரி இழுக்க 1,050 அடிக் கல்வனைசு கம்பி, பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக முப்பது கட்டை, மின் கட்டைக்குக் கசியாமல் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் கட்டைக்கு மூன்றாகத் தொண்ணூறு, மூலைகளுக்குத் தனியாகப் பலமான இன்சுலேட்டர், ஆறு அடி நீள கல்வனைசு எர்த் கம்பி மூன்று. வேலிக்கு மின் துடிப்பை அனுப்பும் பெட்டிதான் எனர்ஜைசர்; அரை ஜூலிலிருந்து ஒரு ஜூல் வரையானது இந்த அளவுக்குப் போதும்.

பற்றரியையும் பேனலையும் மலைநாட்டு மூட்டத்தை நினைத்துத் தெரிவு செய்ய வேண்டும். அரை ஜூல் எனர்ஜைசர் விநாடிக்கு ஒரு துடிப்பு வீதம் நாள் முழுவதும் ஓடினால், 12 வோல்ட் பற்றரியிலிருந்து ஏறக்குறைய 1.7 அம்பியர்-மணி எடுக்கும். 12 அம்பியர்-மணிப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால், வெயிலே இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் தாங்கும். இரவில் மட்டும் ஓடவிட்டால் ஒரு வாரம். தென்மேற்குப் பருவமழையில் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் நாட்கணக்கில் சூரியன் தெரியாது. அங்கே 10 வாட் பேனலோடு தொடங்குவது வீண் செலவு, குறைந்தது 20 வாட் போடுங்கள். பேனலைத் தெற்கு நோக்கிப் பத்துப் பதினைந்து பாகை சாய்த்தால் மழைநீரும் தூசியும் வழிந்தோடும்.

கம்பிகள் தரையிலிருந்து 8, 16, 24 அங்குலத்தில் வரட்டும். முதல் கம்பி குட்டிக்கும் மண்ணைக் கிண்டிக்கொண்டு வரும் மூக்குக்கும். இரண்டாவது வளர்ந்த பன்றியின் மூக்குக்கு. மூன்றாவது பாயாமல் தடுக்க. பன்றியின் தோலும் மயிரும் தடிப்பானவை, முதுகில் பட்டால் அது பொருட்படுத்தாது. ஈர மூக்கில் பட்டால்தான் பாடம் படிக்கும். ஆகவே சரிவில் நிலம் எங்கே பள்ளமாகிறதோ அங்கே ஒரு கட்டையைக் கூட்டி, 8 அங்குலம் எங்கும் 8 அங்குலமாகவே இருக்கும்படி பாருங்கள். பதினான்கு அங்குல இடைவெளி ஒரே ஓர் இடத்தில் இருந்தாலும் பன்றி அதைத்தான் கண்டுபிடிக்கும்.

எர்த் சரியில்லாத மின்வேலி வெறும் கம்பி. மூன்று எர்த் கம்பிகளையும் பத்து அடி இடைவெளியில், ஈரம் தங்கும் இடத்தில் முழுதாக இறக்குங்கள். வீட்டு மின்சாரத்தின் எர்த்திலிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். சோதிக்கும் முறை: எனர்ஜைசரை நிறுத்திவிட்டு, வேலியின் தொலைவான மூலையில் இரண்டு மூன்று இரும்புக் கம்பிகளை மண்ணில் குத்தி வேலியில் சாய்த்து வையுங்கள். பிறகு போடுங்கள். வேலியின் அழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும், விழாவிட்டால் இன்னும் கம்பி சாய்க்க வேண்டும். அப்போது எர்த் கம்பிக்கும், அதிலிருந்து மூன்று அடி தள்ளிக் குத்திய இரும்பு முளைக்கும் இடையில் வேலி மீற்றரை வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது, இன்னொரு கம்பியை இறக்குங்கள். ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மண் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவதோடு, நடுக் கம்பியை மின்னிலிருந்து கழற்றி எர்த்தோடு இணைத்துவிடலாம். மண் காய்ந்திருந்தாலும் மேல் கீழ்க் கம்பிகளோடு அதையும் சேர்த்துத் தொடும் பன்றிக்கு அதிர்ச்சி கிடைக்கும்.

நல்ல நிலையில் வேலி முழுவதும் 5,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். தொலைமூலையில் 3,000க்குக் கீழே போனால் அன்று மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் புல் தொட்டிருக்கும், அல்லது வெடித்த இன்சுலேட்டர் வழியாக நனைந்த கட்டைக்குக் கசியும். இருட்டியபின் வேலியோரம் நடந்து காது கொடுத்தால், கசியும் இடத்தில் டிக் டிக் என்ற சத்தமே காட்டிக்கொடுக்கும். வாசலுக்கு அடியால் மின்னைக் கொண்டுபோக வீட்டு வயரைப் புதைக்காதீர்கள். அதன் உறை இந்த அழுத்தத்தைத் தாங்காது. மின்வேலிக்கென்றே வரும் தடித்த உறைக் கேபிள் தேவை.

கட்டி முடித்த முதல் இரவிலேயே மின் ஓட வேண்டும். மின் இல்லாத கம்பிக்கு ஊடாக இரண்டு இரவு நுழைந்து பழகிய பன்றி, மூன்றாம் இரவு அதிர்ச்சி கிடைத்தாலும் முன்னுக்கே பாயும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும்போது எனர்ஜைசரை வேலியிலிருந்து கழற்றிவிடுங்கள். முப்பது அடிக்கு ஒன்றாகத் தமிழிலும் சிங்களத்திலும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். கொழுந்து எடுக்கப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கும் பாதையை ஒட்டிக் கம்பி இழுக்க வேண்டாம்.

வீட்டு மின்சாரம், கண்ணி, வாய்வெடி, கட்டுத்துவக்கு

எனர்ஜைசர் விநாடிக்கு ஒரு தடவை, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே மின்னை விடும். தொட்டவருடைய தசை இறுகி உடனே விடுபடும், கையை இழுத்துக்கொள்ளலாம். வீட்டு 230 வோல்ட்டை நேராக வேலிக் கம்பிக்குக் கொடுத்தால் அது இடைவிடாமல் ஓடும், கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், இதயம் நின்றுவிடும். விடியற்காலையில் மூட்டத்துக்குள் நடந்துவரும் அயல் வீட்டுப் பிள்ளையைக் கொல்லும் பொறி அது. சட்டப்படியும் குற்றம். எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

கேபிள் கம்பிக் கண்ணி யார் கழுத்து என்று பார்க்காது. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு கண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. பன்றிக்குட்டியைத் தின்று பன்றியின் தொகையை மட்டுப்படுத்தும் ஒரே பெரிய விலங்கு மலைநாட்டில் சிறுத்தைதான். அதைக் கண்ணிக்குக் கொடுப்பது விவசாயிக்கே நட்டம். வளர்ப்பு நாயும் மரையும் இதே கண்ணியில்தான் சாகின்றன. பெரிய கிடா பலநேரம் கம்பியை அறுத்துக்கொண்டு இறுகிய காயத்தோடு தேயிலைக்குள் படுத்துக் கிடக்கும், மறுநாள் கொழுந்து எடுக்கப் போகிறவர் அதன்மேல் தடுக்குவார். இரைக்குள் வைக்கும் வாய்வெடிக்கும், கம்பியில் தடுக்கினால் சுடும் கட்டுத்துவக்குக்கும் இதே பதில்தான்.

இரவுக் காவல்

வேலி போட்டாலும், கிழங்கு முற்றும் கடைசி மூன்று வாரமும் சோளம் பால் பிடிக்கும் காலமும் காவல் இருப்பது நல்லது. பன்றி பெரும்பாலும் ஒன்பது மணிக்கு மேல், ஊர் அடங்கியபின் இறங்கும். மழைத்தூற்றலிலும் மூட்டத்திலும் ஆள் வெளியே வராது என்பதால், அப்படியான இரவுகளில் அதற்குத் துணிவு அதிகம்.

குடில் எங்கே போடுவது என்பதைக் காற்று தீர்மானிக்க வேண்டும். பகலில் சூடேறிய காற்று சரிவில் மேலே ஏறும். பொழுது சாய்ந்தபின் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து ஓடையை நோக்கி இறங்கும். வேட்டைக்காரன் தன் மணம் பன்றிக்கு எட்டாமல் காற்றுக்குக் கீழே ஒளிவான். காவல்காரருக்கு வேண்டியது நேரெதிர், மனித மணம் அதற்கு முன்னமே போய்ச்சேர வேண்டும். ஆகவே பன்றி கீழே ஓடைப்பக்கமிருந்து ஏறி வருமானால், தோட்டத்தின் மேல்பக்கம் குடிலைப் போட்டு அடுப்புப் புகையை விடுங்கள், மணம் தானாக இறங்கிப் போகும். காடு மேலே இருந்தால் இந்த வசதி இல்லை. அப்போது மேல் எல்லையிலேயே குடில் வேண்டும், அல்லது அங்கே நல்ல வேலி வேண்டும். பருவக்காற்று பலமாக அடிக்கும் இரவில் கணக்கு மாறும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மாலையிலும் ஒன்பது மணிக்கும் புகை போகும் திசையைப் பாருங்கள்.

இருவராக இருங்கள். தலையில் கட்டும் டோர்ச், கையில் நீளக் கம்பு, தட்ட ஒரு தகர டின். இருட்டும் முன் வேலியை ஒரு சுற்றுப் பாருங்கள். பிறகு ஒன்பதுக்கும் நள்ளிரவுக்கும் மூன்றரைக்கும் சுற்றினால் போதும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில் வேண்டாம். பன்றியின் கண்ணில் ஒளியைத் திருப்பும் படலம் இல்லை. டோர்ச் அடித்தால் மாட்டுக்கும் நாய்க்கும் மரைக்கும் சிறுத்தைக்கும் கண் பளிச்சிடும், பன்றிக்கு அப்படிப் பளிச்சிடாது. கண் தெரியவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று நினைத்து நடக்காதீர்கள். பாத்தியில் உறுமலோ மென்று தின்னும் சத்தமோ கேட்கிறதா என்று நின்று கேளுங்கள். பளிச்சிடும் இரண்டு கண் தாழ்வாக, அசையாமல் உங்களையே பார்த்தால், ஓடாமல் அதை நோக்கியபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

உள்ளே பன்றி இருப்பது தெரிந்தால் முதலில் தூரத்திலிருந்து கத்தித் தட்டுங்கள், பிறகு நெருங்குங்கள். அது வந்த வாய்க்கும் அதற்கும் நடுவில் எக்காரணத்துக்கும் நிற்காதீர்கள். ஓட வழி தெரிந்த பன்றி ஓடும், வழி மறிபட்ட பன்றி பாயும். கொம்புப்பல் சரியாகத் தொடை உயரத்தில் கிழிக்கும். பாய்ந்தால் நேராக ஓடாமல் பக்கவாட்டில் விலகி, கல்வரிசை மேலோ மரத்திலோ ஏறுங்கள். காயம்பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணிநேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர்வெறுப்பு நோய்க்கும் ஏற்புவலிக்கும் ஊசி தேவையா என்று வைத்தியர் பார்க்க வேண்டும். நாயை அவிழ்த்துவிடுவது பலருக்குப் பழக்கம். துரத்திப்போன நாயைப் பன்றி திரும்பிக் கிழிக்கும், அல்லது நாய் பன்றியை உங்கள் பக்கமே திருப்பிக் கொண்டுவரும். நாய் குடிலில் கட்டியிருந்து குரைத்தால் போதும்.

சேலை கட்டுவது, சலூனிலிருந்து தலைமயிர் கொண்டுவந்து தூவுவது, மண்ணெண்ணெய்த் துணி, மின்னும் விளக்கு, ரேடியோ எல்லாம் சில நாள் வேலை செய்யும். மணம் மழையில் கழுவிப் போகும், சத்தமும் வெளிச்சமும் ஆபத்தில்லை என்று பன்றி கற்றுக்கொள்ளும். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இவற்றை வைத்து, மூன்று நான்கு இரவுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பயிர் நட்ட நாளிலிருந்தே வைத்தால், தேவைப்படும் நாளில் எந்தப் பயனும் இருக்காது.

செத்த பன்றியோ சிக்கிய விலங்கோ கண்டால்

2024இல் இலங்கையின் பண்ணைப் பன்றிகளில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் வளர்ப்புப் பன்றிக்கு மருந்தில்லாத நோய், காட்டுப் பன்றிக்கும் வரும். காயமில்லாமல் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடவோ வெட்டவோ இழுக்கவோ வேண்டாம், பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வீட்டில் பன்றி வளர்ப்பவர் அந்தப் பக்கம் போன செருப்போடு கொட்டிலுக்குள் நுழையக்கூடாது.

யாரோ வைத்த கண்ணியில் சிறுத்தையோ மரையோ சிக்கியிருந்தால் நெருங்க வேண்டாம். வெட்டிவிட முயன்றவர்கள் கிழிபட்டிருக்கிறார்கள். கூட்டம் கூடிக் கூச்சலிட்டால் விலங்கு துள்ளிக் கம்பியை இன்னும் இறுக்கிக்கொள்ளும். நாய்களைக் கட்டி, ஆட்களை நூறு அடிக்கு அப்பால் நிறுத்தி, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, மலை இலக்கம், வாகனம் எதுவரை வரும், சிக்கியிருப்பது கழுத்திலா இடுப்பிலா காலிலா என்பதைச் சொன்னால், மயக்க ஊசியோடு வருபவர்களுக்கு வழியில் நேரம் வீணாகாது.